ஸ்மார்ட் போர்டு இருக்கட்டும், முதலில் போனை ஜன்னலில் வையுங்கள்

கேட்டவர் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறார், பாடம் இயற்பியல். அடுத்த மாதம் 16 வாரப் பயிற்சிக்கு ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார். கல்லூரியில் தொழில்நுட்பம் என்று கற்றுக்கொண்டது பவர்பாயிண்டில் ஸ்லைடு செய்வதும், அதைப் பிரிண்ட் எடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவதும்தான். "பள்ளியில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறதாம். தோழிகள் ஆளுக்கு ஓர் ஆப் சொல்கிறார்கள். ஏஐ தெரியாவிட்டால் இனி வேலையே கிடையாது என்கிறார் ஒருவர். நான் எதைக் கற்றுக்கொண்டு போவது?" இதுதான் கேள்வி.

பத்தொன்பது வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று பயிற்சி ஆசிரியர்கள் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் அவர்களே பாடம் எடுத்துப் பழகிப் போகிறார்கள். அவர்களைப் பார்த்ததிலிருந்தும், நான் பட்டதிலிருந்தும் சொல்கிறேன்.

வகுப்பறைக்குள் வரும் கருவிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பிள்ளைகளுக்கு எதையாவது காட்டுவதற்கானது: ஸ்லைடு, வீடியோ, ஸ்மார்ட் போர்டு. இன்னொன்று, பிள்ளைகள் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரிய வைப்பது. பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் வகையைத்தான் சுமந்துகொண்டு வருகிறார்கள். நீங்கள் இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். காட்டுவது தானாக வந்துவிடும். அது ஒரு வாரத்து வேலை.

என் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், எங்கள் பள்ளிக்கு முதல் புரொஜெக்டர் வந்தது. நான் இரண்டு இரவு கண் விழித்து, ஒலி பற்றி 42 ஸ்லைடு செய்தேன். பகல் இரண்டு மணி பீரியட். மேற்குப் பார்த்த ஜன்னல், திரைச்சீலை கிடையாது. வெயிலில் படம் வெளிறிப்போய் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. ஒரு பையன் தன் வீட்டிலிருந்து போர்வை கொண்டுவந்து கட்டினான். அதற்குப் பிறகு பார்த்தால் லேப்டாப்பில் இருக்கும் ஓட்டை ஒரு மாதிரி, கேபிள் வேறு மாதிரி. அதையும் சரி செய்தால் வீடியோவுக்குச் சத்தம் வரவில்லை. ஒலி பற்றிய பாடம், சத்தம் இல்லாமல்! நாற்பது நிமிடத்தில் பதினெட்டு நிமிடம் போயிற்று. மிச்ச நேரத்தில் 42 ஸ்லைடையும் ஓட்டி முடித்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். மறுநாள் எதிரொலி ஏன் கேட்கிறது என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்று கேபிளைத்தான் குறை சொன்னேன். கோளாறு கேபிளில் இல்லை என்பது ரொம்ப நாள் கழித்து, என் போனில்தான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே முதல் கருவி உங்கள் போன் கேமரா. அதைப் பிள்ளைகள் பக்கம் திருப்பாதீர்கள், உங்கள் பக்கம் திருப்புங்கள். நுண்ணிலைக் கற்பித்தல் என்று முதலாண்டில் செய்திருப்பீர்கள்: ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் குறை நிறை, பன்னிரண்டு நிமிடம் திருத்தி எழுதுவது, மறுபடி ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் குறை நிறை என்று மொத்தம் 36 நிமிடக் கணக்கு. அது 1963 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவர் குழுவினரும் உருவாக்கிய முறை. அதன் உயிர்நாடியே வீடியோ. எடுத்த பாடத்தை எடுத்தவரே திரும்பப் பார்ப்பதற்காகத்தான் அந்தக் காலத்து ஒளிப்பதிவுக் கருவிகளை இழுத்து வந்து வைத்தார்கள். நம்மூரில் 36 நிமிடக் கணக்கை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, வீடியோவை விட்டுவிட்டோம். இன்று அந்தக் கருவி எல்லோர் பையிலும் இருக்கிறது.

தலைமையாசிரியரிடமும் வழிகாட்டி ஆசிரியரிடமும் கேட்டுக்கொண்டு, பிள்ளைகள் முகம் விழாதபடி, கரும்பலகைப் பக்கமாக ஜன்னல் திட்டில் போனைச் சாய்த்து வையுங்கள். ஒரு பீரியட் போதும். அன்று இரவு தனியாக உட்கார்ந்து பாருங்கள். பார்க்கக் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. நான் முதன்முதலாகப் பார்த்தபோது இருபது நிமிடத்தில் 27 முறை "புரிஞ்சுதா?" என்று கேட்டிருந்தேன். ஒரு முறைகூடப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

இதில் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. கேள்வி கேட்டு முடித்த நொடியிலிருந்து நீங்கள் மறுபடி வாய் திறக்கும் நொடி வரை எவ்வளவு நேரம்? வீடியோவின் அடியில் ஓடும் நொடிக் கணக்கே சொல்லிவிடும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் நூற்றுக்கணக்கான வகுப்புகளின் ஒலிப்பதிவை வைத்து இதைத்தான் அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீளமாயின, தெரியாது என்று சும்மா இருப்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி! ஸ்மார்ட் போர்டு ஆன் ஆவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும்.

இரண்டாவது கருவி, வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வைப்பது. அரசுப் பள்ளியில் பிள்ளைகள் கையில் போன் இருக்காது, இருக்கவும் கூடாது. அதனால் கஹூட், குவிசிஸ் (இப்போது வேகிரவுண்ட் என்று பெயர்) மாதிரி ஆளுக்கொரு கருவி கேட்கும் வினாடி வினா விளையாட்டுகளைக் கணினிகள் உள்ள உயர்தொழில்நுட்ப ஆய்வகத்துக்குப் போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வகுப்புக்கு நான் சொல்வது பிளிக்கர்ஸ். இதில் போன் ஆசிரியரிடம் மட்டும் இருந்தால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண்ணுள்ள அட்டை, அதில் கருப்பு வெள்ளைக் கட்டம் கட்டமாக ஒரு வடிவம். நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. தன் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தால், நீங்கள் போனை வகுப்பின் குறுக்கே ஒரு வீசு வீசினால் போதும், யார் என்ன சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து அடிக்க முடியாது. 63 பிள்ளைகள் வரைக்கும் அட்டை உண்டு. பிரிண்ட் எடுத்துப் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் முதுகில் ஒட்டினேன். நான்கு வருடமாக உழைக்கின்றன. பளபளவென்று லேமினேஷன் போட்டுவிடாதீர்கள், வெளிச்சம் பட்டு மின்னினால் கேமரா படிக்காது.

போனில் நெட் இல்லையா? கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். எல்லோரும் கண்ணை மூடி, நெஞ்சுக்கு நேராக ஒன்று முதல் நான்கு விரல் காட்டட்டும். யார் எதைக் காட்டினார் என்பது பதிவாகாது, மற்றபடி அதே பலன்தான். இதைச் சொல்லக் காரணம், நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஆப்பை இயக்குவதை அல்ல என்பதற்காக. நல்ல கேள்வியை, அதைவிட முக்கியமாக நல்ல தப்பு விடைகளை எழுதத் தெரிய வேண்டும்.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டு, பத்தாம் வகுப்பு நான்காவது அலகு, மின்னோட்டவியல். போன வருடம் வந்த பயிற்சி ஆசிரியை ஓம் விதியை அழகாக நடத்தினார். சூத்திரம், அலகு, கணக்கு எல்லாம் சுத்தம். பிள்ளைகள் கணக்கையும் போட்டுவிட்டார்கள். அவரை ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். ஒரே மாதிரியான இரண்டு பல்புகள், பேட்டரியோடு தொடராக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைத்திருக்கின்றன. எது அதிகப் பிரகாசமாக எரியும்? ஏ, பேட்டரியின் நேர்முனைப் பக்கம் இருக்கும் முதல் பல்பு. பி, இரண்டாவது பல்பு. சி, இரண்டும் ஒரே மாதிரி. டி, இரண்டும் எரியாது.

37 பிள்ளைகளில் 22 பேர் ஏ. ஏனென்று கேட்டால் முதல் பெஞ்சுப் பையன், நன்றாகப் படிக்கிறவன், எழுந்து சொன்னான்: "மொதல் பல்பு பாதி கரண்ட்ட எடுத்துக்கும் மிஸ். மிச்சம்தான ரெண்டாவதுக்குப் போகும்." ஓம் விதிக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவன் அவன். தண்ணீர் குழாயில் வருவது போல மின்சாரமும் வழியில் செலவாகிக் குறைந்துகொண்டே போகும் என்பது அவன் மனதில் இருக்கும் படம். சூத்திரம் அந்தப் படத்தைத் தொடவே இல்லை. அது அங்கே இருக்கிறது என்பதுகூட அந்த நிமிடம் வரை எங்கள் இருவருக்கும் தெரியாது.

இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம். "தப்பு, விடை சி" என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் சண்டை போடச் சொல்லுங்கள், அப்புறம் மறுபடி ஓட்டெடுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். வகுப்பு ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரிந்திருக்கும்போது இந்தச் சண்டை நன்றாகப் பலிக்கும். பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் தெரிகிறது என்றால் சண்டையில் பயனில்லை, நீங்கள்தான் திரும்ப விளக்க வேண்டும். எதைச் செய்வது என்று முடிவெடுக்கத்தான் அந்த ஓட்டு.

மசூரின் குழு 2004இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வை நான் எல்லாப் பயிற்சி ஆசிரியர்களிடமும் சொல்வது வழக்கம். வகுப்பில் செய்துகாட்டும் சோதனைகளைப் பற்றியது. சோதனையைச் சும்மா உட்கார்ந்து பார்த்த மாணவர்களுக்கும், அதைப் பார்க்கவே செய்யாத மாணவர்களுக்கும், புரிந்துகொண்டதில் பெரிய வித்தியாசம் இல்லை. பார்ப்பதற்கு முன்னால் "என்ன நடக்கும்?" என்று சொல்ல வைத்த மாணவர்கள்தான் முன்னேறினார்கள். என் 42 ஸ்லைடு ஏன் தோற்றது என்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது. படம் தெரிந்திருந்தாலும், சத்தம் கேட்டிருந்தாலும் அது தோற்றுத்தான் இருக்கும்.

ஓட்டு முடிந்தபின் நிஜப் பல்பைக் காட்டுங்கள், நிஜச் செல்லோடு. இரண்டும் ஒரே மாதிரி எரியும்போது "ஏ" சொன்ன 22 பேரும் அலறுவார்கள். அதற்கு ஈடான ஓசை எந்த வீடியோவிலும் வராது.

திரைக்கு வேலை அதற்கு அப்புறம்தான் வருகிறது. பல்பு எரிவது கண்ணுக்குத் தெரியும், கம்பிக்குள் நடப்பது தெரியாது. கரும்பலகையில் அம்புக்குறிதான் போடலாம், அது நகராது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வைமன் 2002இல் தொடங்கிய ஃபெட் என்ற பாவனைத் (சிமுலேஷன்) தொகுப்பு இலவசம். அதில் மின்சுற்று கட்டும் பாவனை ஒன்று உண்டு. பேட்டரி, கம்பி, பல்பு எல்லாவற்றையும் விரலால் இழுத்து இணைக்கலாம். இணைத்ததும் எலக்ட்ரான்கள் நீல உருண்டைகளாக வரிசை பிடித்து ஓடும். பல்புக்கு முன்னால் எத்தனை ஓடுகிறதோ பின்னாலும் அத்தனைதான். அம்மீட்டரை முதல் பல்புக்கு முன், நடுவில், கடைசியில் என்று மூன்று இடத்தில் வைத்தாலும் அளவு ஒன்றே. நம் ஆய்வக அம்மீட்டர்களில் முள் ஒட்டிக்கொண்டு ஆளுக்கொரு அளவு காட்டும் என்பது உங்களுக்கே தெரியும், அதற்காகவும் இது கைகொடுக்கும். அந்தப் பக்கத்தைத் தனிக் கோப்பாக இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். கணிதத் தோழிகள் இருந்தால் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைச் சொல்லுங்கள். முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுக்க இழுக்கக் கோணங்களின் கூடுதல் 180லேயே நிற்பதைச் சாக்பீஸால் காட்ட முடியாது.

எனவே நான் திரையைத் தொடுவதற்கு முன் என்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி: இது நகர்கிறதா, ரொம்பச் சின்னதா, ரொம்பப் பெரிதா, உள்ளே மறைந்திருக்கிறதா? ஒன்றும் இல்லை என்றால் சாக்பீஸ் போதும். வரையறைகளை ஸ்லைடில் போட்டு வாசிப்பது கரும்பலகையைவிட மோசம். பலகையில் எழுதும்போதாவது நம் கை வேகம்தான் பிள்ளைகளின் கை வேகம்.

பி.எட். தேர்வுக்கு மிஸ்ராவும் கோலரும் 2006இல் எழுதிய டிபேக் (TPACK) கோட்பாட்டைப் படித்திருப்பீர்கள். பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு என்று ஒன்றன்மேல் ஒன்று விழும் மூன்று வட்டங்கள். வட்டம் வரைந்து மதிப்பெண் வாங்கியாயிற்று. அந்த நடு இடம் எப்படி இருக்கும் என்று கேட்டால் மேலே சொன்ன பல்புப் பாடம்தான்.

இனி பள்ளிக்குப் போனதும் பார்க்க வேண்டியவை. பெட்டி, போர்டு என்ற அளவில் தமிழ்நாட்டில் குறையில்லை. தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், தொடக்க, நடுநிலை ஆசிரியர்களுக்கு 79,723 டேப்லெட்டுகள் என்று 2024இல் அறிவித்தார்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அதற்கு முன்பே உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துவிட்டன. 2018இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு உண்டு, அது திக்‌ஷா என்ற மத்திய அரசின் பாடத் தளத்துக்குக் கொண்டுபோகும். 2023இல் வந்த மணற்கேணி செயலியில் பாட வாரியாகத் தமிழில் வீடியோ இருக்கிறது. நீங்கள் புதிதாக எதையும் தயாரிக்க வேண்டாம், இவற்றில் நான்கு நிமிடத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நடுவில் எங்கே நிறுத்தி எதைக் கேட்பது என்று குறித்துவைத்தாலே போதும்.

முதல் நாள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ஆய்வகச் சாவி யாரிடம்? பெட்டி இருந்தும் பயன்படாமல் கிடப்பதற்கு நான் பார்த்தவரை பாதிக் காரணம் அதுதான். பழுதானால் தன் தலையில் விழும் என்ற பயம் பொறுப்பாசிரியருக்கு இருக்கும், அது நியாயமான பயம். அவரோடு ஒரு டீ குடித்து, அவர் இருக்கும்போதே ஒரு முறை எல்லாவற்றையும் ஆன் செய்து பாருங்கள். எந்தக் கேபிள், சத்தம் வருகிறதா, கடைசி பெஞ்சிலிருந்து எழுத்து தெரிகிறதா, மதியம் வெயில் எங்கே விழுகிறது. கரண்ட் போனால் என்ன செய்வது என்பதைப் பாடக்குறிப்பிலேயே ஒரு வரி எழுதிவையுங்கள்.

அப்புறம் தமிழில் டைப் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். இது யாரும் சொல்லித்தராத, தினமும் தேவைப்படுகிற விஷயம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கேள்வித்தாள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் "jkpo;" என்பது போன்ற ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை. விசைப்பலகைக்குத் தமிழ்99 என் சிபாரிசு. உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும், முதல் ம-வுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். பதினைந்து நாள் பழகினால் கை ஓடும்.

ஏஐ பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாடக்குறிப்பை அதனிடம் எழுதி வாங்காதீர்கள் என்பேன். எழுதித்தரும், வடிவமும் கச்சிதமாக இருக்கும். ஆனால் எந்த வகுப்பிலும் பொருந்தக்கூடிய குறிப்பு உங்கள் வகுப்புக்குப் பொருந்தாது. கலைச்சொல்லிலும் கவனம் வேண்டும். பாடநூல் மின்தடை என்கிறது. அது ஒரு பத்தியில் மின்தடை என்றும் அடுத்த பத்தியில் எதிர்ப்பு என்றும் எழுதிவைக்கும், பிள்ளை பொதுத்தேர்வில் குழம்பும். அதற்கு வேறொரு நல்ல வேலை கொடுக்கலாம். "பத்தாம் வகுப்பு மாணவர் தொடர் இணைப்பை எப்படியெல்லாம் தப்பாகப் புரிந்துகொள்வார்? பத்துச் சொல்" என்று கேளுங்கள். ஆறு தேறும். அதிலிருந்து தப்பு விடைகளை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் பெயரையும் மதிப்பெண்ணையும் மட்டும் அதில் கொட்டாதீர்கள்.

போட்டோவும் அப்படித்தான். சீருடையோடு பிள்ளைகள் நிற்கும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் பழக்கம் பயிற்சி ஆசிரியர்களிடம் அதிகம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள்தான், அவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். சட்டம் இருக்கட்டும், உங்கள் பிள்ளை படத்தை யாரோ போட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்பதே போதும். ரெக்கார்டுக்குப் படம் தேவையென்றால் முதுகுப் பக்கமாக எடுங்கள்.

16 வாரத்தில் இவ்வளவையும் செய்ய முடியாது. முதல் மாதம் உங்களை வீடியோ எடுப்பதும் விரல் ஓட்டும் மட்டும். அடுத்து அட்டை. ஃபெட் பாவனையை மொத்தமாக மூன்று நான்கு பாடத்துக்குப் பயன்படுத்தினாலே நிறைவாக இருக்கும்.

மின்னோட்டவியல் உங்களுக்கு வந்தால் பல்புகளை முன்கூட்டியே வாங்கிவையுங்கள். இப்போது எலக்ட்ரிக்கல் கடைகளில் கேட்டால் எல்இடியைத்தான் எடுத்து நீட்டுவார்கள், அது இந்தச் சோதனைக்கு ஆகாது. இழை உள்ள பழைய டார்ச் பல்பு, 2.5 வோல்ட், ஒரே கம்பெனி, ஒரே பெட்டியிலிருந்து இரண்டு. மூன்று செல்லைத் தொடராக வைத்துக் கடையிலேயே எரித்துப் பாருங்கள். ஒன்று மங்கலாக எரிந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். வகுப்பில் அந்த மங்கல் தெரிந்தால் அந்த 22 பேரும் "நாங்கதான் சொன்னோமே" என்பார்கள். அதற்கப்புறம் எந்த ஆப்பாலும் அவர்களை மாற்ற முடியாது.